எரியாத இதழ்

மலேசியாவின் மந்தினில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கோயில் திடல். சாயங்காலம் ஆனால் பையன்கள் உறுமியும் தப்புமாக அங்கே கூடிவிடுவார்கள். இவர்களின் தாத்தா பாட்டிகள் தோட்டத்து லயங்களில் இருந்து பால்மரம் வெட்டியவர்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தோட்டம் கதையாகிவிட்டது. கொட்டு மட்டும் கூடவே வந்துவிட்டது.

“அண்ணே, நம்மளுக்குன்னு ஒரு மியூசிக் புக்கு போட்டுக் கொடுங்கண்ணே” என்று அவர்கள் கேட்டபோது, பக்க வடிவமைப்பில் ஆறு வருடம் குப்பை கொட்டியவன் என்ற தைரியத்தில் தலையாட்டிவிட்டேன். ஏ4 அளவு, பளபளப்புத் தாள், கறுப்பு அட்டை, நூறு பிரதி. கொடுத்த மறுவாரம் திடலுக்குப் போனால், தப்புத் தோலைக் காய்ச்சுவதற்கு என் இதழைக் கிழித்துத் தீ மூட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் நெளிந்தான். “கோவிச்சுக்காதீங்கண்ணே. இந்தப் பேப்பர் சரியா எரியக்கூட மாட்டேங்குது.”

அன்று கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிக்கும் இடத்தைப் பாருங்கள்

நான் மேசை விளக்கடியில் உட்கார்ந்து வடிவமைத்தேன். அவர்கள் படிப்பதோ தெருவிளக்கு வெளிச்சத்தில், நின்றுகொண்டு, ஒரு கையில் குச்சியோடு. பளபளப்புத் தாளில் அந்த விளக்கு கண்ணைக் கூசவைக்கும். ஏ4 எந்தப் பாக்கெட்டிலும் நுழையாது. இரண்டாவது இதழை ஏ5 அளவில், மங்கல் தாளில், நடுவில் பின்னடித்துப் போட்டேன். மடித்துப் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டு போனார்கள்.

பின்னடிக்கும் இதழில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். எங்களுக்குப் பதினாறு போதுமாக இருந்தது. அதில் நடுப்பக்கம்தான் தங்கம். இரண்டு பக்கமும் ஒரே தாளாக, தட்டையாக விரியும் இடம் அது ஒன்றுதான். அங்கே பையன்கள் தாங்களே எழுதிய பாட்டு வரிகளையும் தாளக் கட்டையும் பெரிய எழுத்தில் போட்டேன். பின்னைக் கழற்றிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள்.

பாட்டு வரி போடுவது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலத்திலேயே நமக்குத் தெரிந்த சங்கதிதான். இங்கிலாந்தில் 1978-இல் தொடங்கிய ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ இதழும் பாட்டு வரிகளை அச்சிட்டுத்தான் இளசுகளைப் பிடித்தது. பாடத் தெரிந்ததைத்தான் பிள்ளைகள் பத்திரப்படுத்துகிறார்கள்.

வாசிப்பின் அளவறியுங்கள்

நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் தமிழைப் பாடமாக எடுக்காதவர்கள் நிறையப் பேர். பேச்சில் தமிழ் சரளமாக வரும். கண்ணுக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அவர்கள் முன்னால் நான் ஒரு பக்கம் முழுக்க நீண்ட கட்டுரையை நிறுத்தினேன். இரண்டாவது இதழில் ஒரு கட்டுரைக்கு நூற்றைம்பது சொல்; அதற்கு மேல் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பித்தது கைகொடுத்தது. யோகி பி, நட்சத்திரா ராப் குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பு வந்தது 2006-இல். அதிலுள்ள ‘மடை திறந்து’ எல்லோருக்கும் மனப்பாடம். அது 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டிலிருந்து கிளைத்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. இடப்பக்கம் அப்பாவின் பாட்டு, வலப்பக்கம் மகனின் பாட்டு என்று எதிரெதிரே வைத்தேன். அந்த இரண்டு பக்கத்தை வீட்டில் அப்பாக்களும் வாங்கிப் பார்த்தார்களாம்.

எழுத்துக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்

ஆங்கில இதழைப் பார்த்து வடிவமைத்தால் தமிழ் திணறும். நம் எழுத்துக்கு மேலே விசிறி, கீழே சுழி. பத்துப் புள்ளி எழுத்துக்குப் பதினைந்து புள்ளி வரியிடைவெளி கொடுத்தபிறகுதான் பக்கம் கண்ணுக்கு இதமானது. நம் சொற்களும் நீளம். ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் நடுநடுவே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கி, வலப்பக்கத்தை விட்டுவிடுங்கள். கறுப்புப் பின்னணியில் பொடி வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். மை பரவி ‘ண’வின் சுழியும் ‘ஞ’வின் வளைவும் அடைத்துக்கொள்ளும்.

என் பெரிய மானக்கேடு அட்டையில் நடந்தது. ‘கொட்டு’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தேன். திரையில் சரிபார்க்கவும் இல்லை, மாதிரித் தாள் கேட்கவும் இல்லை. நூறு பிரதியும் அப்படியே வந்தன. இப்போது பிடிஎப் அனுப்பும் முன் தலைப்புகளைக் கோட்டுருவாக மாற்றிவிடுகிறேன். எழுத்துருவுக்கு அலையவும் வேண்டாம். மேக் கணினியில் கூடவே வரும் ‘இணைமதி’ நம் நாட்டு முத்து நெடுமாறன் வடித்ததுதான்.

படத்தை இரவல் வாங்காதீர்கள்

இணையத்தில் எடுத்த படம் திரையில் பளிச்சென்று இருக்கும். அச்சில் புள்ளி புள்ளியாகும். அதோடு அது அடுத்தவர் சொத்து. பினாங்கின் ‘அலிகேட்ஸ்’ இசைக்குழு பற்றி எழுத வேண்டி வந்தபோது எங்களிடம் படம் இல்லை. ஒரு தங்கச்சி, அந்தக் குழுவின் டேவிட், லோகநாதன் சகோதரர்களின் அந்தப் பந்துபோன்ற முடியை மட்டும் கறுப்பு நிழலாக வரைந்து கொடுத்தாள். பெயர் போடுவதற்கு முன்பே எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்றப் பக்கங்களுக்குப் பையன்களின் கைகளையே படமெடுத்தோம்: காப்புக் காய்த்த விரல், உறுமியை உரசித் தேய்ந்த குச்சி.

அச்சுக்கு அனுப்பும் முன் இன்னும் சில குறிப்புகள். பாட்டைக் கேட்க கியூஆர் குறி வைத்தால், இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், மடிப்பில் விழாமல் வையுங்கள். முதல் இதழில் மடிப்பில் வைத்தேன். ஒரு போனிலும் ஏறவில்லை. வண்ணம் ஓரம்வரை போகிறதென்றால் வெட்டுக்காக மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். மாதாமாதம் போடும் எண்ணம் இருந்தால், 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி உள்துறை அமைச்சின் பெர்மிட் பற்றி முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இதழ் வந்த வாரம் திடலுக்குப் போனேன். மங்கல் தாள், நன்றாக எரியும். தோல் காய்ச்சும் நேரம் வந்ததும் ஒருவன் என் இதழைக் கையில் எடுத்தான். எனக்குத் திக்கென்றது. அவன் அதை மடித்துப் பாக்கெட்டில் செருகிவிட்டு, “டேய், பழைய பேப்பர் இருந்தா கொண்டாங்கடா” என்றான்.