விடிய விடியப் பார்க்க ஓர் இடம்

ஐப்பசியில் இறங்குகிற மழையை நம்பி விதைத்து, தையிலும் மாசியிலும் கதிரறுத்து, வெடித்த பருத்தியையும் எடுத்து முடித்தபின், நிலத்தில் பெரிய வேலையொன்றும் இல்லாதிருக்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில்தான் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்கள் தங்கள் தெய்வங்களுக்குப் பொங்கல் வைக்கின்றன, கொடை கொடுக்கின்றன. ஆட்டமும் பாட்டும் நாடகமுமாக விடிகிற, டிக்கெட்டும் எண்ணிட்ட நாற்காலியும் இல்லாத அந்த இரவுகளில், முந்தி வந்தவர் முந்தி உட்காரும் சம்பிரதாயமே சட்டமாக இருக்கிறது. ஆயினும், வெளியூரிலிருந்து ஆவலோடு வருகிற ரசிகர்கள் பலர், மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசையைப் பிடித்துவிட்டால் காரியம் முடிந்தது என்றெண்ணி உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள் காது இரைந்து, கழுத்து நொந்து, நாடகத்தின் உயிரான பகுதி தொடங்குமுன்பே எழுந்து போய்விடுவதைக் காணும்போது மனத்துக்கு வருத்தமாகவே இருக்கிறது. மிக அருகிலுள்ள இடமே மிக நல்ல இடம் என்பது தவறான எண்ணம். ஒவ்வொரு கலைக்கும் அதைப் பார்ப்பதற்கென்று ஒரு ஸ்தானம் உண்டு. அதை அறிந்துகொள்ளும் முறையை, பாஞ்சாலங்குறிச்சித் திருவிழாவை முன்னிட்டு இங்கே சொல்லுகிறேன்.

ஒட்டப்பிடாரத்திலிருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் உள்ள பாஞ்சாலங்குறிச்சியில், கட்டபொம்மனின் குலதெய்வமாகிய வீரசக்கதேவிக்கு, ஜக்கம்மா என்று ஜனங்கள் வாஞ்சையோடு அழைக்கும் அந்தத் தேவிக்கு, ஆண்டுதோறும் மே மாதத்தில் திருவிழா நடக்கிறது. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி கும்பினிப் படையால் தாக்கப்பட்டதும், அதே ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின்னர், 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்த தம்பி ஊமைத்துரையால் மீண்டும் எழுப்பப்பட்டதும், அவ்வாண்டு மே மாதத்திலேயே வீழ்த்தப்பட்டுத் தரைமட்டமாக்கப்பட்டதுமான கோட்டை நின்ற பூமி அது. இன்று நாம் காணும் நினைவுக்கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது. இடம் பிடிப்பதற்கும் இந்தச் சரித்திரத்துக்கும் சம்பந்தம் உண்டு. மதில்கள் மண்ணோடு மண்ணாகிப்போன அந்தப் பிரதேசம் பெரும்பாலும் வெட்டவெளி ஆதலால், அங்கே காற்றுக்குத் தடையில்லை, ஒலியைத் திருப்பித் தருகிற சுவரும் இல்லை. எனவே கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயில் போன்ற நகரத்துச் சந்நிதிகளில் உட்கார்ந்து பழகிய கணக்கு இங்கே செல்லாது.

முதற்காரியம், நோட்டீஸை வாங்கிப் படிப்பது. விழாக் கமிட்டியார் அச்சிட்டு ஒட்டும் நோட்டீஸில் எந்த இரவு எந்த நிகழ்ச்சி என்பது இருக்கும்; ஆண்டுக்காண்டு அது மாறக்கூடும். தேவராட்டம், சிலம்பம், கரகாட்டம் ஆகியவை கண்ணுக்குரியவை. வில்லுப்பாட்டும் நாதஸ்வரமும் காதுக்குரியவை. நாடகமோ இரண்டுக்கும் உரியது. அன்றைய இரவு இவற்றில் எது பிரதானம் என்று நிச்சயித்துக்கொள்ளாதவர் எங்கே உட்கார்ந்தாலும் பாதி நஷ்டமே. திருவிழா நாட்களில் வாகனங்களுக்குக் காவல்துறை கட்டுப்பாடுகள் விதிப்பது வழக்கமாகையால், கடைசிக் கொஞ்ச தூரத்தை நடந்தே கடக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்கு முன்பே போய்ச் சேர்வது உத்தமம்.

சேர்ந்ததும் உட்கார்ந்துவிடக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே களத்தை ஒருமுறை நிதானமாகச் சுற்றிவர வேண்டும். மேடை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது, குழாய் ஸ்பீக்கர்கள் எந்தக் கம்பத்தில் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றன, சப்பரம் எந்தப் பாதையில் வரும் என்ற நான்கையும் பார்த்து வையுங்கள். சப்பரப் பாதையில் பாய் விரித்தவர் இரவில் எழுந்தே தீர வேண்டும்; ஜெனரேட்டரின் பக்கம் உட்கார்ந்தவருக்கு வில்லிசையின் நுணுக்கம் ஒன்றும் கேளாது. சந்தேகம் இருந்தால் மைக்செட்காரரிடம் கேளுங்கள். ஒலியும் ஒளியும் அவர் கையில் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியாத பல விஷயங்கள் அவருக்குத் தெரியும். "அண்ணாச்சி, பாட்டு எங்க உக்காந்தா நல்லாக் கேக்கும்?" என்று பணிவாகக் கேட்டவருக்கு, வேலை மும்முரத்திலும் அவர் கை நீட்டி ஓர் இடத்தைக் காட்டாமல் போவதில்லை.

அடுத்தது காற்று. மேடைத் தோரணமோ வேப்பிலைக் கொத்தோ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தாலும், ஆயிரம் கால்கள் மிதித்த இடத்தில் மாவாகிப் புழுதியாகக் கிளம்பிவிடும். ஆகவே ஆட்டம் பார்க்க வந்தவர்கள், ஆடுகளத்திலிருந்து காற்றுத் தம்மை நோக்கி வராத பக்கத்தில் அமர வேண்டும். பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கோ இதற்கு நேர்மாறு: காற்று மேடையைத் தொட்டுத் தங்களிடம் வருகிற பக்கமே நல்லது, வெட்டவெளியில் சொல்லின் கடைசி எழுத்தைக் காதுவரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது அந்தக் காற்றுதான்.

இடத்தைத் தேர்ந்த பிறகு பாய் விரிக்கலாம். கோரைப்பாயே சிறந்தது, அடியில் ஒரு சாக்கை விரித்துக்கொண்டால் கட்டி குத்தாது. துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் நாட்டில் எங்கும் உள்ள பழக்கமென்றாலும், ஆளில்லாத துண்டுக்குத் திருவிழாக் களத்தில் அதிக நேரம் மரியாதை இராது. குடும்பத்தில் ஒருவர் இருந்துகொள்ள, மற்றவர்கள் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு வருவதே முறை. அண்டையில் இருப்பவரிடம், "மதினி, கொஞ்சம் பாத்துக்கிடுங்க, சாமியக் கும்பிட்டுட்டு வந்துருதேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப்போனால் அந்த இடம் பத்திரமாக இருக்கும் என்பதோடு, அந்த இரவுக்கு ஓர் உறவும் கிடைத்துவிடுகிறது. டூரிங் டாக்கீஸ் காலத்தில் தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த பழக்கத்தை இங்கே யாரும் கைக்கொள்ள வேண்டாம். பின்னால் இருக்கும் குழந்தையின் கண்ணை மறைக்கிற உயரம் நமக்கு வேண்டாத உயரம்.

இனி ஒவ்வொரு கலையாகப் பார்ப்போம். தேவராட்டம் கம்பளத்து நாயக்கர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் ஆட்டம். அதில் பாட்டு இல்லை. தேவதுந்துபி என்று வழங்கும் உறுமியின் கதியே அதற்குப் பாட்டும் தாளமும். கையில் துணியும் காலில் சலங்கையும் கொண்டு வரிசையாக நிற்பவர்கள், முன்னின்று ஆடுபவர் அடவை மாற்றும் கணத்தில் தாங்களும் மாற்றிவிடுகிற ஒருமைதான் அதன் அழகு. அந்த அழகு முழுதும் பாதத்தில் இருக்கிறது. ஆகையால் இதைப் பார்ப்பவர் ஒன்று தரையோடு தரையாக முதல் வரிசையில் இருக்க வேண்டும், அல்லது நன்றாகப் பின்வாங்கி மேடான ஓரிடத்தில் நிற்க வேண்டும். இடைப்பட்ட வரிசைகளில் தலைகளும் தோள்களுமே தெரியும். மேலும், நேர் எதிரே அமராமல், உறுமிக்காரர் தெரியும்படி வரிசையின் ஒரு கோடியில் சாய்வாக அமர்ந்தால், கோல் தோலில் உரசுவதையும் கால்கள் அதற்குப் பதில் சொல்லுவதையும் ஒரே பார்வையில் காணலாம். நான் கண்டவரையில் இதைக்காட்டிலும் நல்ல இடம் தேவராட்டத்துக்கு இல்லை. கரகாட்டத்துக்கும் இதே விதி பொருந்தும். சிலம்பத்துக்கு மட்டும், கம்பு சுழலும் எல்லைக்கு வெளியே தாராளமாகத் தள்ளி இருந்துகொள்ளுங்கள். குழந்தைகளை முன்வரிசையில் வைக்கவே கூடாது.

நாதஸ்வரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யரான காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊர் கோவில்பட்டி. 1964-இல் அவர் காலமான பின்னும் அந்தச் சீமைக்காரர்களுடைய காதில் ஒரு தராதரம் நிலைத்திருக்கிறது. நாதஸ்வரம் வீதிக்கும் வெட்டவெளிக்கும் என்றே பிறந்த வாத்தியம். தவிலுக்கு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நாதஸ்வரம் கேட்பது தவிலை மட்டும் கேட்பதாகும். கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய், ஸ்பீக்கரின் முகம் விழாத ஓரமாகப் பார்த்து உட்காருங்கள்; அங்கே தவிலின் வேகம் அடங்கி, நீண்ட ஆலாபனையின் இழை அறுபடாமல் வந்து சேரும். ரசிகர்களில் முதிர்ந்தவர்கள் கூட்டத்தின் விளிம்பில் தூணோரமாகவோ மரத்தடியிலோ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர்கள் இடம் கிடைக்காமல் அங்கே போனவர்கள் அல்லர்.

வில்லுப்பாட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். புலவர் சொல்லுகிற கதையும், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுகிற லாகவமும், குடத்தின் வாயில் அடி விழும்போது எழுகிற நாதமும் நேராகக் காதில் விழ வேண்டிய விஷயங்கள். சாத்தூர் பிச்சைக்குட்டியும் சுப்பு ஆறுமுகமும் பாடிப் பெருமைப்படுத்திய இந்தக் கலையில் முகபாவம் பாதி ஆதலால், மைக் கம்பி புலவரின் முகத்தை மறைக்காதபடி இரண்டடி விலகி, குடக்காரர் பக்கமாக உட்காருவது சிலாக்கியம். தெற்கே நடக்கும் கொடைகளில் கணியான் கூத்துப் பார்க்க நேர்ந்தால், மகுடம் என்னும் பறையைக் காய்ச்ச நெருப்பு மூட்டுகிற இடத்தை அறிந்து, புகை வராத பக்கம் அமருங்கள்.

நாடகமே நீண்ட இரவின் நடுநாயகம். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள், முக்கியமாக வள்ளி திருமணம், இந்தச் சீமையில் இன்றைக்கும் பெரும்பாலும் இரவு 10 மணி வாக்கில் ஆரம்பித்து விடியும்வரை நடக்கின்றன. மேடை உயரமாகையால் முதல் இரண்டு மூன்று வரிசைகளில் இருப்பவர்கள் இரவெல்லாம் அண்ணாந்திருக்க வேண்டும். மோவாயை உயர்த்தாமல் நடிகரின் பாதம் தெரிகிற வரிசை எதுவோ அதுவே உங்களுக்கு உரிய வரிசை. அநேகமாக அது ஐந்தாவது ஆறாவது வரிசையாக இருக்கும். அகலவாட்டில், ஆர்மோனியம் இருக்கும் பக்கமாகச் சற்று ஒதுங்குங்கள். பின்பாட்டையும் பேச்சையும் கேட்டு, ராஜபார்ட்டுக்கும் ஆர்மோனியக்காரருக்கும் நடக்கிற கண்ஜாடையையும் பார்க்கிற பாக்கியம் அங்கேதான் உண்டு. பபூனும் டான்ஸும் வருகிற முதற்பகுதிக்கே கூட்டம் நெருக்கும். நாரதரும் வேலனும் வள்ளியும் நேருக்கு நேர் நின்று பாட்டாலும் வசனத்தாலும் செய்கிற தர்க்கம் நடுநிசிக்குப் பின்னரே சூடுபிடிக்கும்.

கட்டபொம்மன் நாடகமாக இருந்தால் யோசனை வேறு. 1959-இல் பி. ஆர். பந்துலு எடுத்து, சிவாஜி கணேசன் நடித்த படம் வந்ததிலிருந்து, 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் துரையைக் கட்டபொம்மன் சந்தித்த நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் அநேகர். அந்தக் காட்சி நெருங்கும்போது பின்னாலிருப்பவர்கள் எழுந்து முன்னால் நெருக்குவார்கள். அதற்கு முந்தின காட்சியிலேயே வயோதிகர்களையும் சிறுவர்களையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றிவிடுவது விவேகம். நடைபாதையை ஒட்டிய கோடி இடத்தை முதலிலேயே பிடித்திருந்தால் இந்தச் சிரமமே இராது.

இரவின் இரண்டாவது வாய்ப்பைப் பலர் அறிவதில்லை. நடுநிசிக்கு மேல் குழந்தைகள் தூங்கிவிழ, வெளியூரார் புறப்பட, முன்வரிசைகளிலே திட்டுத்திட்டாக இடம் காலியாகும். தாமதமாக வந்தவர்கள் மனம் தளராமல், முதலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த நேரத்தில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே, படுதா இறங்கியிருக்கும்போது மட்டும், குனிந்து முன்னேறலாம். தூங்குகிறவர்களின் பாயை மிதிக்காதீர்கள். அவர்களை எழுப்பி இடம் கேட்பதும் அடாத காரியம். அறுவடை முடிந்து அவர்களுக்குக் கிடைத்த அபூர்வமான இரவு அது.

வெக்கை மிகுந்த மே மாதத்து இரவிலும் விடியற்காலத்தில் வெட்டவெளியில் குளிர் தட்டும்; ஆளுக்கொரு போர்வையும், ஒரு செம்பு தண்ணீரும், கொஞ்சம் கருப்பட்டி மிட்டாயோ சேவோ கையில் இருக்கட்டும். கோடைமழை இறங்கிவிட்டால் கரிசல் மண் காலைப் பிடித்து நகரவொட்டாது. மேற்கே மின்னல் கண்டதுமே பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் பந்தலின் கீழ் போய்விடுங்கள். மழை நின்று களம் காயும்வரை நாடகக்காரர்களும் அங்கேதான் ஒதுங்கியிருப்பார்கள். மங்களம் பாடி முடிகிறவரைக்கும் எழுந்திராமல் இருந்து, விரித்த சாக்கை உதறி மடித்துக்கொண்டு, கூட்டம் கலைந்தபின் ஒட்டப்பிடாரம் சாலைக்கு நடந்தால் பஸ்ஸிலும் நெருக்கமின்றி உட்கார இடம் கிடைக்கும்.