எலிக்குக் காது கேட்கும், தமிழ் தெரியாது

பரளச்சி பக்கத்துக் கரிசல் ஊர்களில் அறுப்பு முடிந்து கம்பும் சோளமும் குதிரைவாலியும் மூட்டை மூட்டையாக வீடு வந்து சேரும்போது, பின்னாலேயே எலியும் வந்து சேரும். காட்டில் தீனி தீர்ந்துவிட்டது, வீட்டில் குவிந்து கிடக்கிறது. வராமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து வீட்டில் ஒரு கட்டுப்பாடு: பொறி வைக்கப் போவதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சொன்னால் எலி கேட்டுவிடுமாம்!

மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைக்கூட எலி கேட்கும். பேச்சு மட்டும் புரியாது. ஆனாலும் இந்த நம்பிக்கை சும்மா பிறந்ததல்ல. பெரிய எலிகளுக்குப் புதுப் பொருள் என்றால் அச்சம். நேற்று இல்லாத கூண்டு இன்று இருந்தால் சில நாள் ஒதுங்கியே போகும். மருந்தைக் கொஞ்சம் கடித்து, வயிறு கெட்டுப் பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது. 'யாரோ சொல்லிவிட்டார்கள்' என்று வீட்டில் சண்டை வருவது இதனால்தான். காட்டில் சிங்க் பாஸ்பைடு வைக்கும் முன் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத இரையைப் போட்டுப் பழக்கச் சொல்கிறார்கள். கூண்டுக்கும் அதே வழிதான்: கதவு விழாதபடி கட்டிவிட்டு, கருவாடோ தேங்காய்ச் சில்லோ வைத்து இரண்டு நாள் தின்ன விட வேண்டும். மூன்றாம் நாள் கட்டை அவிழ்க்கலாம். சுண்டெலியின் குணம் வேறு. புதுசு என்றால் அதற்கு ஆவல். வைத்த இரவே வந்து முகர்ந்து பார்க்கும்.

கூர்மூக்கும் நாற்றமுமாகச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறு எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்னும் பிராணி அது. பிள்ளையார் வாகனம் என்று அதை விட்டுவைப்பவர்கள், காரணம் எதுவானாலும், செய்வது சரிதான்.

பூனை வளர்த்தால் போதுமா? நியூயார்க்கின் புரூக்ளினில் எலிகளும் தெருப்பூனைகளும் நிறைந்த ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. பெரிய எலியைக் கண்டால் பூனையும் கணக்குப் பார்க்கும். சுண்டெலியைப் பிடிக்கும்தான், ஆனால் மூன்று வாரச் சினை, ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி, அந்தக் குட்டிகளும் இரண்டு மாதத்துக்குள் சினைக்குத் தயார் என்றால் எந்தப் பூனை ஈடுகொடுக்கும்?

பிளக்கில் மாட்டினால் எலி ஓடும் என்று விற்கும் ஒலிக்கருவியும் இப்படித்தான். ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று 60க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் அமெரிக்க வணிக ஆணையம் எச்சரித்தது 2001இல். கருவி இன்னும் விற்கிறது.

எலி கடித்தால்தான் எலிக்காய்ச்சல் வரும் என்பதும் தவறு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சகதியும் காலிலுள்ள ஒரு சிறு புண்ணில் பட்டாலே போதும்.

முன்பு இந்தப் பக்கம் தானியம் மண் குலுக்கையில் இருந்தது. மேல் வாயை மூடி, கீழ்த் துவாரத்தை அடைத்துவிட்டால் எலிக்கு எளிதில் வழியில்லை. இப்போது சாக்கு, அதுவும் சுவரை ஒட்டி. தானியத்தைத் தகர டிரம்மில் போட்டு மூடலாம். மூட்டைதான் என்றால் பலகை மேல் ஏற்றி, சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி அடுக்கலாம். பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்கு வாசல். துணி வைத்து அடைத்தால் கொறித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூச வேண்டும். இதைச் செய்யாமல் எத்தனை எலி பிடித்தாலும் அடுத்தது வரும்.

மருந்து விஷயத்தில்தான் நம்பிக்கை ஆளைக் கொல்கிறது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடி ஏசி அறையில் பரவி இரண்டு சிறு குழந்தைகள் இறந்துபோயின. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை இன்னொரு ஆபத்து; அதற்குத் தமிழ்நாடு அரசு முன்பே தடை விதித்துவிட்டது. அந்தப் பசைக்கு முறிமருந்து கிடையாது. வாயில் பட்ட பிள்ளை முதல் நாள் நன்றாகவே விளையாடும், கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான் தெரியும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.