அச்சைக் காட்டும் சிரிப்பு: 'டொப் சீக்ரட்!' திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் வகுக்கிறது. இவற்றுள் எள்ளலை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்த கலை வடிவங்களுள் ஒன்று பகடி. ஒரு படைப்பின் நடை, தோற்றம், வழக்கம் ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டே அதனைக் கேலி செய்வது பகடியாகும். அது எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்க, 1984ஆம் ஆண்டு வெளிவந்த 'டொப் சீக்ரட்!' என்னும் ஹொலிவூட் திரைப்படத்தை எடுத்துக்காட்டாகத் தெரிவு செய்துள்ளேன்.

எதனைக் கேலி செய்கிறது?

ஜிம் ஏப்ரஹாம்ஸ், டேவிட் சக்கர், ஜெரி சக்கர் ஆகிய மூவரும் சேர்ந்து இயக்கிய படம் இது. 1980இல் 'ஏர்ப்ளேன்!' என்ற படத்தின் மூலம் விமான விபத்துப் படங்களை நையாண்டி செய்தவர்களும் இவர்களே. இம்முறை ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு வகைப் படங்களை முடிச்சுப் போட்டார்கள். ஒன்று உளவாளிப் படம். மற்றையது எல்விஸ் பிரெஸ்லி நடித்த ரொக் இசைப் படம். எல்விஸ் 31 கதைப் படங்களில் நடித்தார். அவற்றுள் பலவற்றில் அவர் எங்கே போனாலும் பாட ஒரு காரணம் கிடைத்துவிடும்.

எல்விஸ் 1958 முதல் 1960 வரை மேற்கு ஜேர்மனியில் அமெரிக்கப் படைவீரராகப் பணியாற்றினார். 'டொப் சீக்ரட்!' தன் பாடகனைக் கிழக்கு ஜேர்மனிக்கு அனுப்புகிறது. நிக் ரிவர்ஸ் என்ற அமெரிக்க ரொக் பாடகன் அங்கே ஒரு கலாசார விழாவில் பாடச் செல்கிறான். சிறைப்பட்டுள்ள விஞ்ஞானி ஒருவரின் மகளைச் சந்திக்கிறான். அந்த விஞ்ஞானியை மீட்கும் முயற்சியில் தானும் சேர்ந்துகொள்கிறான். நிக் ஆக நடித்த வால் கில்மருக்கு இதுவே முதற்படம். பாடல்களை அவர் தமது குரலிலேயே பாடினார்.

சிரிப்பு எவ்வாறு பிறக்கிறது?

மூன்று காட்சிகளைப் பார்ப்போம்.

முதலாவது, புகையிரதக் காட்சி. பெட்டியின் உள்ளேயிருந்து பார்க்கிறோம். யன்னலுக்கு வெளியே நிலையம் மெல்லப் பின்னோக்கி நகர்கிறது. புகையிரதம் புறப்பட்டுவிட்டது என நினைக்கிறோம். உண்மையில் புகையிரதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நிலையந்தான் புறப்பட்டுப் போகிறது!

இரண்டாவது, தொலைபேசிக் காட்சி. கெமராவுக்கு அருகில் ஒரு தொலைபேசி மிகப் பெரிதாகத் தெரிகிறது. அருகில் இருப்பதால் அப்படித் தெரிகிறது என்று நமது கண் சமாதானம் சொல்கிறது. அதிகாரி வந்து அதை எடுக்கும்போதுதான், அது உண்மையிலேயே மிகப் பெரிய தொலைபேசி என்பது தெரிகிறது.

மூன்றாவது, சுவீடன் நாட்டவரின் புத்தகக் கடை. நடிகர்கள் எல்லாவற்றையும் பின்னோக்கி நடித்தார்கள்; பிறகு படச்சுருளைத் தலைகீழாக ஓடவிட்டார்கள். கீழிருந்து எறியும் புத்தகங்கள் மேலே போய் அடுக்கில் ஒழுங்காக அமர்கின்றன. தலைகீழான பேச்சோ ஏதோ அந்நிய மொழி போலக் காதில் விழுகிறது.

மூன்றிலும் ஒரே உத்திதான். திரைப்படம் பார்த்துப் பார்த்து நமது கண் பழகிய ஒரு விதியை முதலில் நம்ப வைத்து, பிறகு அதை உடைக்கிறார்கள். அந்த விதி நமக்குள் இருந்ததே அது உடையும்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று, இதில் யாரும் சிரிப்பூட்ட முயல்வதில்லை. புத்தகக் கடைக்காரராக வருபவர் பீட்டர் குஷிங். உளவாளியாக வருபவர் 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' படத்தில் நடித்த எகிப்திய நடிகர் ஒமர் ஷரீப். நசுக்கப்பட்ட காருக்குள் அகப்பட்டு, அந்த இரும்புக் கட்டியோடு நடந்து வரும்போதும் அவர் முகத்தில் கண்ணியம் குறையவில்லை. இசையமைத்தவர் மொரிஸ் ஜார். 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா'வுக்கு இசையமைத்தவரும் அவரே.

அச்சு ஒன்று, முகங்கள் பல

இப்படத்தில் வரும் கிழக்கு ஜேர்மன் அதிகாரிகள் இரண்டாம் உலகப் போர்க்கால நாஸிகளைப் போலவே இருக்கிறார்கள். அவர்களை எதிர்ப்பவர்களோ பிரெஞ்சு விடுதலைப் போராளிகள்! காலம் குழம்பியது இயக்குநர்களின் அறியாமையால் அல்ல. 'எதிரி' என்றால் ஹொலிவூட் கையில் இருப்பது ஒரே அச்சுத்தான் என்பதையே அவர்கள் நையாண்டி செய்கிறார்கள்.

பேர்லின் சுவர் 1989இல் வீழ்ந்தது. ஆனால் அச்சு உடையவில்லை. 1994இல் வெளிவந்த 'ட்ரூ லைஸ்' என்ற உளவாளிப் படத்தில் வில்லன்கள் அரபிகள். அப்படங்களில் நம்மைப் போன்ற பெயருடைய ஒருவன் தோன்றியதும் பயங்கர இசை ஒலிக்கிறது. அவன் விழும்போது என் தம்பியும் சேர்ந்து கைதட்டுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. இசையும் கெமராவும் அவனை அப்படிப் பழக்கியிருக்கின்றன. கோபப்பட்டு நான் சொன்ன விளக்கங்கள் அவனுக்கு ஏறவில்லை. ஆனால் அந்தப் பெரிய தொலைபேசியைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தவன், "அப்படியென்றால் மற்றப் படங்களிலும் இப்படித்தான் ஏமாற்றுகிறார்களா?" என்று கேட்டான். பகடியின் பயன் அந்தக் கேள்வியே.

குறைகளும் உண்டு

கதை மெலிந்தது. நகைச்சுவைகளுள் சில ஆபாசமானவை. குடும்பத்தோடு பார்க்கத் தக்கவை அல்ல. எங்கள் வீட்டில் உம்மா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். பெற்றோர் முதலில் பார்த்து, தகுந்த காட்சிகளை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மேலே சொன்ன மூன்று காட்சிகளே பாடத்துக்குப் போதும்.

மாணவியர்க்கு

கலைவிழாவில் ஒருவரது நடையையும் குரலையும் போலச் செய்து சிரிப்பூட்டுவது எளிது. அது ஒரு மனிதரைக் கேலி செய்கிறது. பகடி ஒரு வடிவத்தைக் கேலி செய்கிறது. அதற்கு மூலத்தை ஆழ்ந்து படித்திருக்க வேண்டும். அடுத்த முறை ஒரு நகைச்சுவையைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எதனைப் போலச் செய்கிறார்கள்? எந்த விதியை உடைக்கிறார்கள்? இந்தச் சிரிப்பினால் யாருடைய மனம் நோகிறது? மூன்றுக்கும் விடை கண்டபின் எழுதிப் பாருங்கள். நல்ல பகடி உங்கள் பேனாவிலிருந்தும் பிறக்கும்.