ராத்திரி நாய் குரைத்தால் கதவைத் திறக்காதீங்கப்பா

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 70. நான் கோயம்புத்தூரில், தம்பி பெங்களூரில். பக்கத்துத் தோட்டத்து வீடு கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. கொங்கு நாட்டில் பாதிக் குடும்பத்துக்கு இதே நிலைமைதான்.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் என மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த வருஷமே சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதி. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். ரெண்டு நாள் தங்கி, வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அப்போது செய்ததையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன் கண்ணு. உன் அப்பா அம்மாவும் தனியாக இருந்தால், அடுத்த லீவுக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதே.

பூட்டு, கேமரா எல்லாம் அப்புறம். முதலில் பழக்கம் மாற வேண்டும். எங்கள் அப்பா ராத்திரி என்ன சத்தம் கேட்டாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நாய் குரைத்தாலும் சரி, தொட்டிக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலும் சரி, கட்டுத்தரையில் மாடு மிரண்டாலும் சரி. மோட்டார் ஒயரைத் திருடுகிறார்கள் என்று சந்தேகம் வந்துவிட்டால் தடியோடு ஓடுவார். எவ்வளவு கெட்டியான கதவு போட்டாலும், உள்ளே இருப்பவரே திறந்துவிட்டால் அதனால் என்ன பிரயோஜனம்? "ஒயர் போனா போகட்டும்ப்பா, புதுசு வாங்கிக்கலாம். நீங்க போயிட்டா நான் எங்க போய் வாங்குவேன்?" என்று அழுதே சொன்னேன். ஒருநாளில் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகளை விட்டும் சொல்ல வைத்தேன்.

வெளியே போகாதே என்று சொன்னால் மட்டும் போதாது. போகாமலே பார்க்க வழி செய்து தர வேண்டும். எங்கள் வீட்டில் வெளி லைட்டுக்கெல்லாம் சுவிட்ச் திண்ணையில் இருந்தது. எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, வாசல், கட்டுத்தரை, பொடக்காளி (புழக்கடை) மூன்று பக்கத்து லைட்டுக்கும் சுவிட்சை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினேன். இப்போது படுத்தபடியே தட்டினால் மூன்று பக்கமும் பகல்போல ஆகிவிடும். கம்பி போட்ட ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். செலவு குறைவு. ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய். கரண்ட் போனாலும் எரியும்படி வாசலில் ஒரு சோலார் லைட்டும் வைத்துவிடு.

கோடையில் கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுப் படுப்பது நம் பக்கத்துப் பழக்கம். அப்பாவுக்கு அது பெரிய சுகம், எனக்கும் தெரியும். ஆனாலும் நிறுத்தச் சொன்னேன். திண்ணைக்குக் கிரில் அடித்து உள்ளே இருந்து பூட்டுகிற மாதிரி செய்த பிறகு கட்டில் அங்கே வந்தது. காற்றும் வருகிறது.

முன்கதவு தேக்கில் இருக்கும், பொடக்காளிக் கதவு தகரத்தில் இருக்கும். வருகிறவன் எதை உடைப்பான், நீயே சொல். பின்கதவுக்கு மேலும் கீழும் உள்தாழ்ப்பாள் போடு. கதவு நிலை ஆடுகிறதா என்று தள்ளிப் பார். மொட்டைமாடிக் கதவை மறக்காதே. மாடியை ஒட்டி முருங்கை மரம் இருந்தால் கிளையைக் கழித்துவிடு. கடப்பாரை, அரிவாள், தேங்காய் உரிக்கிற பாரை, ஏணி இவையெல்லாம் வெளியே சாய்த்து வைத்திருந்தால், வெறும் கையோடு வந்தவனுக்கு நாமே ஆயுதம் கொடுத்த மாதிரி. சாயங்காலம் எல்லாவற்றையும் மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டுவது இப்போது அம்மாவின் வேலை.

நாய் இருப்பது நல்லதுதான். நாட்டு நாயே போதும். ஆனால் அது நம் கையால் வைப்பதை மட்டும் சாப்பிடப் பழக வேண்டும். நாய் திடீரென்று செத்துப்போனாலோ காணாமல் போனாலோ, "வயசாயிருச்சு" என்று விட்டுவிடாதே. அன்றைக்கே ஸ்டேஷனில் சொல். அந்த ராத்திரி துணைக்கு ஆள் வரட்டும்.

கேமரா வைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. படத்தைப் பதிகிற டி.வி.ஆர் பெட்டியை டி.விக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். திருடன் போகும்போது அதையும் தூக்கிப் போய்விடுவான். பெட்டியை மறைவான இடத்தில் வை. இல்லாவிட்டால் சிம் போட்டு உன் போனுக்கே படம் அனுப்புகிற சோலார் கேமரா வாங்கு.

நகையை பேங்க் லாக்கரில் வைக்கச் சொன்னால் அம்மாக்கள் தயங்குவார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2022 ஜனவரியிலிருந்து திருட்டு, தீவிபத்து, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் இருப்பது போனால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி தர வேண்டும். நகை மதிப்புக்கு அது போதாது, தெரியும். ஆனால் லாக்கருக்காக யாரும் அம்மாவின் கழுத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். கொப்பரை வித்த காசு, மஞ்சள் வித்த காசு எதையும் ராத்திரி வீட்டில் தங்க விடாதே. டீக்கடையில் விலையைப் பேசலாம், கையில் வந்த தொகையைப் பேச வேண்டாம்.

தண்ணீர் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல நம்மவர்களுக்கு மனசு வராது. சொல்லவும் வேண்டாம். ஆனால் சொம்பை கிரிலுக்கு உள்ளே இருந்தே நீட்டலாம். வேலைக்கு வருகிற எல்லாரையும் சந்தேகத்தோடு பார்ப்பதும் எனக்குப் பிடிக்காது. புது ஆள் என்றால் ஆதார் நகலும் போன் நம்பரும் வாங்கி வைப்பது மரியாதைக் குறைவு இல்லை. நகைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று வருகிறவனை மட்டும் வாசலோடு அனுப்பிவிடு. பொன்னைக் கரைக்கிற திராவகம் உண்டு.

போலீசுக்கு 100 அல்லது 112. தமிழ்நாடு போலீசின் 'காவல் உதவி' செயலியில் சிவப்புப் பட்டனை அழுத்தினால் இருக்கிற இடமும் சேர்ந்து போகும். ஆனால் பதற்றத்தில் வழி சொல்ல வராது. அதனால், "மெயின் ரோட்டில் இருந்து கருப்பராயன் கோயில் தாண்டி, ரெண்டாவது இட்டேரி, இடது பக்கம்" என்று பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் தலைமாட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போய், ரெண்டு பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ரோந்து வருகிறவர்கள் கையெழுத்துப் போட வீட்டில் பட்டா புத்தகம் வைக்க முடியுமா என்று நீயும் கேள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் நம்பரும் ஒரே பட்டனில் போகிற மாதிரி இருக்கட்டும். எங்கள் பக்கம் விசில்தான் அடையாளம். யார் வீட்டில் ஊதினாலும் மற்றவர்கள் உடனே லைட்டைப் போட்டு, போலீசுக்குப் போன் செய்ய வேண்டும்.

இத்தனையும் தாண்டி உள்ளே வந்துவிட்டால்? எதிர்க்கக் கூடாது. கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வை. அம்மா தாலிக்கொடியைக் கொடுக்க மாட்டேன் என்றார். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் பேசினேன்.

தினமும் காலை ஆறரைக்கு நான், ராத்திரி ஒன்பதுக்குத் தம்பி. போன் எடுக்காவிட்டால் கால் மணி நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நேரில் போய்ப் பார்ப்பார். சிவகிரியில் நடந்தது உடனே வெளியே தெரியவில்லை என்று படித்ததில் இருந்து இந்த ஏற்பாடு.

போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவிடம் இருந்து போன். எனக்கு உயிரே போய்விட்டது. "கட்டுத்தரைப் பக்கம் சத்தம் கேட்டுச்சு கண்ணு. லைட்டைப் போட்டு ஜன்னல்ல பாத்தேன். பக்கத்துத் தோட்டத்து எருமை அவுத்துக்கிட்டு வந்திருக்குது. காலைல புடிச்சுக் குடுத்துக்கலாம், நீ தூங்கு" என்றார்.