புதிதாய் மந்தை பிரித்த பிள்ளைகளுக்கு

பிள்ளைகளா, இந்த வருஷம் முதல்முறையாகச் சொந்த மந்தையோடு குளிர்காலத் தாவளம் போடப் போகிறீர்கள். மைனஸ் 40 டிகிரி நம் மங்கோலியாவுக்குப் புதிதல்ல. கொழுத்த ஆடு அதைத் தாங்கிவிடும். மெலிந்தது பிப்ரவரியைப் பார்க்காது. கோடையில் மழை பொய்த்துப் புல் குட்டையாய் நின்றாலே மந்தையைக் கொத்தாய்ச் சாகடிக்கும் கொடுங்குளிர்காலமான ட்ஸுட் பாதி வந்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009-10இல் 80 லட்சத்துக்கும் மேல், 2023-24இல் 70 லட்சத்துக்கும் மேல் கால்நடைகளை வாரிக்கொண்டு போனது அதுதான்.

1. தலை எண்ணிக்கையில் பெருமை பார்க்காதீர்கள். நவம்பரில் குளிர்கால இறைச்சிக்கு அறுக்கும்போதே பல் போனது, மடி கெட்டது, தேறாதது எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். காஷ்மீர் ரோமக் காசுக்காக வெள்ளாட்டைப் பெருக்கி வைத்திருப்பவர்களுக்கு இது கசக்கும். ஆனால் கடுங்குளிரில் செம்மறிக்கு முன்னால் விழுவது வெள்ளாடுதான்.

2. கண்ணை நம்பாதீர்கள். கம்பளி எல்லா ஆட்டையும் கொழுப்பாகவே காட்டும். கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பின் மேல் விரலை அழுத்துங்கள். முள் தட்டுப்பட்டால் அந்த ஆட்டைத் தனியே பிரித்து இப்போதே காய்ந்த புல் போடுங்கள். படுத்த ஆட்டை எழுப்பப் போடும் தீவனம் பெரும்பாலும் வீண். பட்டினி கிடந்த வயிற்றில் தானியத்தையும் கொட்டாதீர்கள், செரிக்காமல் அதுவே கொல்லும்.

3. கிடாய்க்கு வயிற்றடியில் கம்பளிக் கச்சை கட்டியிருக்கிறீர்களா? சினைக்காலம் 5 மாதம். ஆகஸ்டில் சேரவிட்டால் ஜனவரியில் பனிமேல் குட்டி விழும், நாவால் நக்கி முடிப்பதற்குள் காது உறைந்துவிடும். அக்டோபர் கடைசி வரை கச்சையை அவிழ்க்காதீர்கள்.

4. பட்டி காற்றுக்கு மறைவாக, மலையின் தென்சரிவில் இருக்கட்டும். மிதிபட்டுக் கெட்டியான புழுக்கைத் தரையைக் கோடையிலேயே பாளம் பாளமாய் வெட்டிக் காயவைத்திருந்தால் சுவருக்கு ஆகும், அடுப்புக்கும் ஆகும். படுக்கைக்குப் பொடித்த காய்ந்த புழுக்கையை விட உசத்தியானது வேறில்லை. குளிருதே என்று கூரையை இண்டு இடுக்கில்லாமல் அடைக்கிறார்கள் சிலர். மூத்திர நெடியும் ஆவியும் உள்ளேயே நின்று கம்பளி நனையும், சளி நெஞ்சில் இறங்கும். காய்ந்த ஆடு குளிரில் சாவது அரிது, நனைந்த ஆட்டுக்குத்தான் ஆபத்து.

5. குதிரைக்குப் பட்டி வேண்டாம், போர்வையும் வேண்டாம். அதன் முதுகில் பனி உருகாமல் கிடந்தால் சந்தோஷப்படுங்கள், உடல் சூடு வெளியே போகவில்லை என்று அர்த்தம். வியர்க்க ஓட்டிய குதிரையைத்தான் கவனிக்க வேண்டும். வியர்வையை வழித்துவிட்டு, உடம்பு ஆறும்வரை கட்டிவையுங்கள். அதுவரை தண்ணீரும் வேண்டாம், மேய்ச்சலும் வேண்டாம். குளிர்காலத்துக்கு ஓட்டக் குதிரையைப் பிரித்து வைத்துவிட்டு, குட்டி ஈன வேண்டிய பெட்டைகள் மேல் ஏறாதீர்கள்.

6. பனி மூடினால் முதலில் குதிரையை விடுங்கள். அது குளம்பால் கிளறிப்போட்ட தடத்தில் செம்மறி பின்னால் மேயும். இது வெள்ளை ட்ஸுடுக்கு. பனியே விழாத கருப்பு ட்ஸுடில் புல் இருந்தாலும் குடிக்கத் தண்ணீர் இல்லை. பனி உருகி மறுபடி பாளமாய் இறுகும் இரும்பு ட்ஸுடில் குதிரைக் குளம்பும் தோற்கும், கணுக்கால் கிழியும். அப்போது நின்று யோசிக்காமல் ஓத்தோர், அதாவது வேறு மேய்ச்சல் தேடி மந்தையோடு தூரப் பயணம், கிளம்புங்கள். எந்தப் பள்ளத்தாக்கில் புல் மிச்சம், அங்கே யார் மேய்க்கிறார்கள், வழி திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் அக்டோபரிலேயே விசாரித்து, அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியும் வையுங்கள். லாரி வாடகைப் பணத்தைத் தனியே முடிந்து வையுங்கள்.

7. உப்பு மறக்காதீர்கள்.

8. மார்ச் வந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று புல்லை வாரி இறைக்காதீர்கள். குட்டி ஈனும் ஆடுகள் எலும்பும் தோலுமாய் நிற்கும் சமயம் அது, வசந்தப் புழுதிப் புயலும் அப்போதுதான் வரும். சேர்த்த புல்லில் ஒரு பங்கை ஏப்ரலுக்கென்று தொடாமல் வையுங்கள். ரோமம் வாரிய வெள்ளாட்டுக்கு முதுகுத் துணி கட்டி, காற்று அடங்கும்வரை பட்டியை விட்டு வெளியே விடாதீர்கள்.