பழைய சட்டை, புதிய பயன்

தீபாவளிக்கு முன் காப்பாரில் பல வீடுகளின் அலமாரிகள் சுத்தம் செய்யப்படுகின்றன. அளவு போதாத சட்டைகள் குப்பைக்குப் போகத்தான் வேண்டுமா?

இரண்டாம் உலகப் போரில் பட்டினியால் வாடிய கிரேக்க மக்களுக்கு உதவ, 1942-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டு நகரில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு தோன்றியது. பின்னர், நன்கொடையாக வந்த பொருள்களை விற்க அந்நகரின் பிராட் வீதியில் அது கடை திறந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய அறக்கடைகள் உள்ளன. விற்பனை வருவாய் அறப்பணிக்குச் செல்கிறது, குப்பையும் குறைகிறது. வசதி குறைந்தவர் யாரிடமும் கைநீட்டாமல், தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, சில ரிங்கிட் கொடுத்து வாங்குகிறார். அவரது தன்மானம் காக்கப்படுகிறது.

ஆனால், கிழிந்த ஆடைகள் வந்து குவிந்தால், அவற்றை அகற்றும் செலவு கடையின் தலையில் விழும். எனவே, நாமே மீண்டும் உடுத்தத் தயங்காத ஆடைகளைத் துவைத்து, மடித்துக் கொடுப்போம்.