கூலர் மாற்றிய கணினியும் சந்தேகங்களின் வரிசையும்

கூலரை மாற்றி, கேபினட்டின் பக்கத் தகட்டை மூடி, பித்தானை அழுத்திய பிறகு கணினி அசையாமல் கிடந்தால், மனிதனுடைய சந்தேகம் முதலில் போய் நிற்பது பிராசஸரின் மேல்தான்; பெட்டிக்குள் விலை உயர்ந்ததும் கடைசியாகக் கைபட்டதும் அதுவே என்பதால் இந்தப் பயம் இயல்பானது என்று சொல்லலாமேயன்றி நியாயமானது என்று சொல்ல முடியாது. உறவினரும் அண்டை வீட்டாரும் கொண்டுவந்து வைத்த யந்திரங்கள் பலவற்றைத் திறந்து பார்த்த அனுபவத்தில், பிராசஸர் மெய்யாகவே செத்துப்போயிருக்கக் கண்டது அபூர்வம். கூலரைக் கழற்றவும் மாட்டவும் கை போய்வந்த வழியில் ஏதாவது ஒன்று அசைந்திருக்கும். அல்லது வசதிக்காகக் கழற்றி வைத்த ஒன்று திரும்ப மாட்டப்படாமல் நின்றுபோயிருக்கும். கூலரைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பவற்றை விசாரித்து முடிக்காமல் வேறெதன் மேலும் குற்றம் சுமத்தலாகாது என்பது என் கட்சி.

கூலர் சரியாக அமையாவிட்டால் பிராசஸர் எரிந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஒரு பூர்வகதை உண்டு. 2001-ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணைய இதழ், ஓடிக்கொண்டிருந்த கணினிகளிலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றி எடுத்து, நடந்ததைப் படம்பிடித்துக் காட்டியது. இன்டெல்லின் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சமாளித்துவிட, ஏ.எம்.டி.யின் அத்லான் புகைந்து போயிற்று. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்றைய பிராசஸர்கள் உஷ்ணம் 95, 100 டிகிரியை எட்டும்போதே வேகத்தைக் குறைத்து, அதற்கும் அடங்காவிட்டால் தாமாகவே யந்திரத்தை நிறுத்திவிடுகின்றன. இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் விளங்கும்: கூலர் சரியாக உட்காராத கணினி, எழுந்து சற்று நேரத்தில் உஷ்ணத்தால் அணையுமே தவிர, அந்த உஷ்ணத்தால் எழுவதற்கே மறுக்காது. ஆகவே பித்தானை அழுத்தினால் சலனமே இல்லையா, ஃபேன் சுற்றியும் திரை இருண்டிருக்கிறதா, ஓடத் தொடங்கிப் பிறகு நிற்கிறதா என்ற மூன்றில் எது என்று நிச்சயம் செய்துகொள்ளாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கவே கூடாது.

சலனமே இல்லாத கணினியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறத்துச் சிறிய ஸ்விட்சை வேலைக்கு முன் அணைத்தவர்கள் அதைத் திரும்பப் போட மறந்திருப்பார்கள். அல்லது மதர்போர்டின் ஓரத்தில் இரண்டே ஊசிகளில் தொற்றிக்கொண்டிருக்கும் பவர் பித்தானின் மெல்லிய ஒயர், விரல் பட்டுக் கழன்றிருக்கும். அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் யந்திரம் புறப்பட்டுவிடும்; புறப்பட்டால் குற்றம் பித்தானிலோ அதன் ஒயரிலோ என்பது ருசுவாகிவிடும். அதிலும் அசையாவிட்டால், 24 ஊசி இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதன் 16-ஆவது ஊசியையும் 17-ஆவது ஊசியையும் வளைத்த கம்பி ஒன்றால் இணைத்துப் பார்த்து எஸ்.எம்.பி.எஸ். தனியே ஓடுகிறதா என்று அறியலாம். ஊசிகளை எண்ணுவதில் தடுமாற்றம் உள்ளவர்கள் இதைப் பிறரிடம் விட்டுவிடுவது நலம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெட்டியையோ எக்காரணம் கொண்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும்.

ஃபேன்கள் எல்லாம் உற்சாகமாகச் சுற்ற, திரை மட்டும் இருண்டிருப்பதுதான் மனிதரை அதிகமாகக் குழப்புகிற நிலைமை. இதில் முதல் சந்தேகத்துக்கு உரியது, மதர்போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்றே தனியாக வரும் 8 ஊசி மின் இணைப்பு. பெரிய கூலரை உள்ளே இறக்கும்போது கை நுழைய இடம் வேண்டி அதைக் கழற்றுவார்கள். கூலர் உட்கார்ந்தபின் அதன் அகலமான துடுப்புகள் அந்த மூலையையே மறைத்துவிடுவதால், இணைப்பு விட்டுப்போனது கண்ணில் படுவதில்லை. அடுத்தது ராம். கூலருக்கு மிக அருகில் நிற்பதனால் உள்ளங்கை பட்டு ஒரு முனை மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தாலும் போதும், திரை வராது. எடுத்து, ‘டக்’கென்ற சப்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்கள், மானிட்டர் ஒயரை அதில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு அழுவதும் உண்டு. ரைசன் 5 5600 போன்றவையும், பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்தை உடைய இன்டெல் பிராசஸர்களும் தாமாகப் படம் காட்டும் சக்தி இல்லாதவை என்பதை அவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

என் அண்ணன் மகன் தன் ரைசன் கணினியை ஒரு கோடை விடுமுறையில் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தான். “சித்தப்பா, கூலரை மட்டும்தான் மாத்தினேன். ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல. போர்டு போயிடுச்சுன்னு கடையில சொல்றாங்க” என்றான். மதர்போர்டின் ஓரத்தில், ராமில் கோளாறு என்று காட்டும், டிராம் என்று எழுதிய சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது; இவ்வகை விளக்குகள் பல போர்டுகளில் இருந்தும் அவற்றைப் பார்ப்பவர் சொற்பம். ராமை மாற்றி மாற்றிச் செருகியும் விளக்கு அணையாததால், “பழைய கூலர் எப்படிக் கழன்றது? சுலபமாகவா?” என்று கேட்டேன். “இல்ல சித்தப்பா, ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பலமா இழுத்ததும் பிராசஸரும் சேர்ந்தே வந்துடுச்சு, அதைத் திரும்ப வச்சிட்டேன்” என்றான். அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏ.எம்.4 வகைப் பிராசஸர்களுக்கு அடிப்பக்கத்தில் 1331 ஊசிகள்; சென்னை உஷ்ணத்தில் ஆண்டுக்கணக்கில் காய்ந்து இறுகிய பேஸ்ட், பூட்டிய நெம்புகோலையும் மீறி அவற்றைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிடும். பிராசஸரைத் திருப்பி மேஜை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தபோது, நேர்வரிசையில் நின்ற பொன்னிற ஊசிகளுக்கு நடுவே, மூலைக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் பச்சைத் தளத்தோடு ஒட்டிப் படுத்திருந்தது. முள் நீக்கிய மெக்கானிக்கல் பென்சிலின் உலோகக் குழாயை அதன் மேல் நுழைத்து, ஒரே மூச்சில் நிமிர்த்தாமல், சிறிது தூக்குவதும் மற்ற வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுமாக நேராக்கினேன். அவசரப்பட்டால் ஊசி ஒடியும். ஒடிந்தால் ஏறக்குறைய பிராசஸரே போனதுபோல்தான். பிராசஸரின் மூலையிலுள்ள பொன் முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வைத்தபோது அது தன் பாரத்தாலேயே இறங்கி உட்கார்ந்தது. விளக்கும் அணைந்து, திரையும் வந்தது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிஷம் கணினியை ஓடவிட்டுப் பேஸ்ட் இளகச் செய்து, அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபின் கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகி எடுத்திருந்தால் இவ்வளவும் வேண்டியதில்லை.

இன்டெல் பக்கம் ஊசிகள் பிராசஸரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன, ஏ.எம்.டி.யும் 2022-இல் வந்த ஏ.எம்.5 முதல் அந்த வழிக்கே மாறிவிட்டது. இங்கே நான் அதிகம் கண்ட தொல்லை, கூலரின் திருகுகளை ஒரு பக்கமாகவே முறுக்கி இறுக்குவது. அழுத்தம் கோணலாக விழுந்தால் பாதி ராம் காணாமற் போகும், அல்லது திரையே வராது. நான்கையும் தளர்த்தி, எதிர் மூலைகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினால் பெரும்பாலும் தீரும்.

தொடங்கி நின்றுவிடுகிற மூன்றாவது வகையில்தான் கூலர் உண்மையான குற்றவாளி. அடிப்பாகத்தின் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் வைத்திருக்கலாம். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டின் மறுபுறம் முழுதாக வெளிவராமல் இருக்கலாம். தண்ணீர்க் கூலரானால் பம்ப்பின் ஒயர் செருகப்படாமல் இருக்கலாம். ஃபேனை ‘சிபியு ஃபேன்’ என்று அச்சிட்ட இடத்தில் செருகாமல் வேறிடத்தில் செருகினால், யந்திரம் ஓடினாலும் ஃபேன் இல்லையென்று எச்சரித்து அங்கேயே நின்றுவிடக் கூடும். பேஸ்டை எந்த உருவத்தில் இடுவது என்று பட்டாணிக் கட்சியும் சிலுவைக் கட்சியும் நடத்தும் வாதப் பிரதிவாதங்களில் எனக்குச் சிரத்தை இல்லை. சாதாரணப் பேஸ்ட் சற்று அதிகமானதால் கணினி எழாமற்போனதை நான் கண்டதில்லை. திரவ உலோகம் மட்டும் வேறு ஜாதி. அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

எல்லாம் பார்த்தும் பலனில்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்து, சி.ஆர்.2032 பாட்டரியைக் கழற்றிச் சில நிமிஷம் கழித்துப் போட்டு, ஒரே ஒரு ராமோடு முயன்று பார்க்கலாம். டி.டி.ஆர்.5 உள்ள புதிய கணினிகள் இதன் பின் ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷங்கள் திரையை இருட்டாகவே வைத்திருக்கும்; அதற்குள் பொறுமையிழந்து பித்தானை அமுக்கி அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்கும் மசியாததைக் கடைக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே “டிஸ்ப்ளே வரவில்லை” என்று மட்டும் சொன்னால் போர்டு மாற்ற வேண்டும் என்ற தீர்ப்பே கிடைக்கும். ஆகையால் எந்த விளக்கு எரிகிறது, எவற்றையெல்லாம் கழற்றினோம், பிராசஸர் சாக்கெட்டை விட்டு வந்ததா என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கேபினட்டின் மேல் ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.